ஊர்தி 'ரீகால்': திரும்பப் பெறுதலா, மீளழைப்பா, வேறொன்றா?

அன்புள்ள குழுவினருக்கு வணக்கம்.

நமது சொற்பட்டியலின் வாகனப் பகுதியில் 'ரீகால்' (விற்ற வண்டியில் குறை தெரிந்ததும் அதைத் தீர்க்கத் தயாரிப்பாளர் விடுக்கும் அறிவிப்பு) என்பதற்கு நேரே 'திரும்பப் பெறுதல்' என்று எழுதி மூடிவிட்டோம். அதை மறுபடி திறக்க வேண்டுகிறேன். காரணம் என் பக்கத்து வீட்டுக்காரர்.

சென்ற மாதம் அவருக்குக் கார் நிறுவனத்திலிருந்து ஒரு கடிதம் வந்தது. தமிழிலேயே எழுதியிருந்தார்கள், அதற்கு ஒரு நன்றி. முதல் வரி: 'தங்கள் வாகனம் திரும்பப் பெறப்படுகிறது.' அவருக்கு இன்னும் பதினான்கு மாதத் தவணை பாக்கி. வண்டியைத் தூக்கிக்கொண்டு போக ஆள் வருகிறது என்று நினைத்தவர், இரவோடு இரவாகக் காரைக் கொண்டுபோய் மைத்துனரின் தென்னந்தோப்பில் நிறுத்திவிட்டார். பட்டறைக்கு வந்தால் ஓர் உதிரிப்பாகத்தை இலவசமாக மாற்றித் தருகிறோம் என்ற செய்தி கடிதத்தின் கடைசிப் பத்தியில் பதுங்கியிருந்தது. மறுநாள் நான் படித்துச் சொன்ன பிறகுதான் அவருக்கு மூச்சு வந்தது.

அவர் மேல் தப்பில்லை. வழக்கைத் திரும்பப் பெறுகிறார்கள், வேட்புமனுவைத் திரும்பப் பெறுகிறார்கள், 2023இல் இரண்டாயிரம் ரூபாய் நோட்டைத் திரும்பப் பெற்றார்கள். எல்லாவற்றிலும் கொடுத்தவரே எடுத்துக்கொள்கிறார். பொருள் நம் கைக்கு மீண்டும் வருவதில்லை. கெட்டுப்போன மருந்துக்கும் உணவுக்கும் இந்தச் சொல் கச்சிதம். கார் அப்படியா? காலையில் பட்டறைக்குப் போகிறது, மாலையில் வீட்டுக்கு வந்துவிடுகிறது.

பேச்சு அந்தரத்தில் நிற்காமலிருக்க ஒரு நிஜ நிகழ்வை வைத்துக்கொள்வோம். 2022 ஜூனில் அமெரிக்காவில் ஃபோர்டு நிறுவனம் சுமார் 29 லட்சம் வண்டிகளுக்கு இப்படி ஓர் அறிவிப்பு விடுத்தது. எஸ்கேப், ஃபியூஷன், எட்ஜ் முதலிய வகைகள். கோளாறு ஒரு சின்னப் புஷ்ஷில், அதாவது வளையம் போன்ற ஓர் உதிரிப்பாகத்தில். ஓட்டுநர் பிடிக்கும் கியர் லிவரிலிருந்து ஒரு கேபிள் கியர் பாக்ஸுக்குப் போகிறது. அதன் முனையை கியர் பாக்ஸின் நெம்புகோலோடு பிடித்து வைப்பது இந்தப் புஷ். வெப்பமும் ஈரப்பதமும் சேர்ந்து அதை நைந்துபோகச் செய்தால் கேபிள் கழன்றுவிடும். கழன்றது ஓட்டுநருக்குத் தெரியாது என்பதுதான் பயங்கரம். அவர் லிவரை, வண்டியை நகராமல் நிறுத்திவைக்கும் 'பார்க்' நிலைக்குத் தள்ளுகிறார். லிவரும் சொன்னபடி கேட்கிறது. கியர் பாக்ஸோ பழைய கியரிலேயே இருக்கிறது. எச்சரிக்கை விளக்கு எரியாது, சாவியும் கையோடு வந்துவிடும். அவர் இறங்கிக் கதவைச் சாத்தியதும் வண்டி தானாக உருளத் தொடங்கலாம். மாட்டு வண்டிக்குக் கடையாணி எப்படியோ, இதற்கு அந்தப் புஷ். தீர்வு: புதிய புஷ், அதன் மேல் ஒரு காப்பு மூடி. அதுவரை ஒவ்வொரு முறையும் கைப்பிரேக் போடுங்கள் என்றார்கள்.

இதில் நிறுவனம் எதைத் 'திரும்பப் பெற்றது'? பழைய புஷ்ஷை வேண்டுமானால் சொல்லலாம்.

முந்தைய மடல்களில் வந்த சிலவற்றுக்கும் இங்கேயே பதில்.

> 'டிரான்ஸ்மிஷன்' என்பதற்குக் 'கடத்தல்' என்றே வைக்கலாம். இயற்பியலில் வெப்பக் கடத்தல் இருக்கிறதே.

இருக்கிறது. ஆனால் 'கடத்தல் கோளாறால் 29 லட்சம் வாகனங்கள்' என்று தலைப்பிட்டால் படிப்பவர் காவல் நிலையத்துக்குத்தான் ஓடுவார். பேச்சிலும் அச்சிலும் கியர் பாக்ஸ் நிலைத்துவிட்டது. அதைக் கலைக்க வேண்டாம்.

> புஷ் தமிழ் அல்ல. 'உறைவளையம்' எனலாமா?

அழகான சொல்தான். உதிரிப்பாகக் கடையில் போய் உறைவளையம் கேட்டால் நகைக்கடைக்கு வழி காட்டுவார்கள்.

> நாளிதழ்கள் எழுதுவதை நாம் ஏன் மாற்ற வேண்டும்?

நாளிதழ் எழுதும் அதே சொல்லைக் கடிதத்தில் படித்துத்தான் ஒருவர் காரைத் தோப்பில் ஒளித்தார், ஐயா.

என் முன்மொழிவு: திருத்தழைப்பு. திருத்துவதற்கான அழைப்பு. கருத்துச் சொல்லுங்கள்.

(வேலூர்)

———

வணக்கம் ஐயா.

தோப்புக் கதையை ரசித்தேன், சொல்லை ஏற்க முடியவில்லை. நான் நீதிமன்றத்தில் காலம் தள்ளுகிறவள். சட்டம் என்ன சொல்கிறது என்பதைத்தான் முதலில் பார்ப்பேன்.

2019ஆம் ஆண்டுத் திருத்தத்தின் வழியாக நமது மோட்டார் வாகனச் சட்டத்தில் 110ஏ என்ற பிரிவு வந்தது. குறையுள்ள வண்டிகளுக்கு இந்த நடவடிக்கையை எடுக்கும்படி மத்திய அரசு தயாரிப்பாளருக்கு ஆணையிடலாம். அப்போது தயாரிப்பாளர் பழுதைச் சரிசெய்யலாம். அல்லது அதே தரத்திலோ மேலான தரத்திலோ வேறு வண்டி தரலாம். அல்லது முழு விலையையும் திருப்பிக் கொடுக்கலாம். 'திருத்தழைப்பு' இந்த மூன்றில் ஒன்றை மட்டுமே சுட்டுகிறது. நாளை ஒரு நிறுவனம் 'சொல்லிலேயே திருத்தம்தானே இருக்கிறது, பணம் எதற்கு' என்று வாதாடினால், அதற்கு வழி செய்து கொடுத்தவர்கள் நாமாக இருக்கக் கூடாது. போதாக்குறைக்கு, எங்கள் உலகில் திருத்தம் என்றாலே சட்டத்திருத்தம்தான்.

(திருச்சி)

———

அன்பின் நண்பர்களுக்கு,

எங்கள் பக்கத்தில் வாகனம் 'திருத்துவது' அன்றாடப் பேச்சு. 'வாகனத் திருத்துமிடம்' என்று பெயர்ப்பலகையே உண்டு. ஆகவே திருத்தழைப்பு என் காதுக்கு இதமாகத்தான் இருக்கிறது. அம்மையார் சொன்ன சட்டக் காரணத்தை மறுக்கவும் முடியவில்லை.

ஒன்றைச் சேர்த்துச் சொல்கிறேன். யாரும் 'மீளப்பெறல்' பக்கம் போய்விட வேண்டாம். இங்கே அது வங்கிக் கணக்கிலிருந்து பணம் எடுப்பது. 'மீளழைப்பு' பரவாயில்லை, ஆனால் அதைக் கேட்டதும் தூதுவர்தான் நினைவுக்கு வருகிறார். இயந்திர மொழிபெயர்ப்பு ஒன்று 'நிறுவனம் கார்களை நினைவுகூர்ந்தது' என்று எழுதியதையும் கண்டேன். அஞ்சலிக் கூட்டம் எங்கே என்று தேடினேன்.

(யாழ்ப்பாணம்)

———

மூவருக்கும் வணக்கம், மூன்றாமவர் மடலே அனுப்பாமல் தொலைபேசியில் திட்டிய நண்பர்.

அம்மா, நீங்கள் சொன்னது சரி. திருத்தழைப்பை விட்டுவிடுகிறேன், இரண்டு நாள் ஆசையாக வைத்திருந்த சொல், போகட்டும். அமெரிக்கச் சட்டத்திலும் இதே மூன்று வழிகள்தான்: சரிசெய், மாற்று, பணம் கொடு. மூன்றுக்கும் பொதுவானது என்ன என்று யோசித்தபோது கண்ணெதிரே இருந்தது 'குறை'. பொருளில் உள்ள பழுதும் குறை, மனிதருக்குள்ள மனத்தாங்கலும் குறை. 'தீர்' என்பது எந்த வழியில் என்று கட்டிப்போடுவதில்லை. எனவே: குறைதீர் அழைப்பு.

ஆட்சியர் அலுவலகத்துத் திங்கட்கிழமைக் கூட்டம் நினைவுக்கு வராதா என்று தொலைபேசி நண்பர் கேட்டார். வரும். வந்தால் நல்லது. அங்கே நாம் மனுவோடு வரிசையில் நிற்கிறோம். இங்கே குறைக்குக் காரணமானவரே நம்மைக் கூப்பிட வேண்டும். அந்த வித்தியாசம் உறைக்கட்டும்.

இதைவிட எனக்கு முக்கியமாகப் படுவது வேற்றுமை உருபு. 'வண்டிகளைத் திரும்பப் பெறுகிறது' என்னும்போது எல்லாம் நிறுவனத்தின் செயல். உரிமையாளர் திண்ணையில் உட்கார்ந்து காத்திருக்கலாம். 'வண்டிகளுக்குக் குறைதீர் அழைப்பு' என்றதும் ஐ போய் கு வந்துவிடுகிறது. அழைப்பு வந்தால் போக வேண்டும் என்று தமிழருக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை, கல்யாணப் பத்திரிகை பழக்கியிருக்கிறது. கடிதம் வந்தும் பட்டறைக்கே போகாத வண்டிகள் எல்லா நாட்டுச் சாலைகளிலும் ஓடுகின்றன. சொல் மாறியதால் எல்லாரும் கிளம்பிவிடுவார்கள் என்று சொல்லவில்லை. தோப்புக்குப் போகாமல் இருந்தால் போதும்.

எல்லைக்கோடு ஒன்றும் வரைந்துவிடுவோம். வெறும் எச்சரிக்கை குறைதீர் அழைப்பு ஆகாது. 1980இன் கடைசியில் இதே ஃபோர்டு, 'பார்க்' நிலையிலிருந்து பின்னோக்கு கியருக்கு நழுவுவதாகப் புகாருக்குள்ளான வண்டிகளுக்காக அமெரிக்க அரசோடு ஓர் உடன்பாட்டுக்கு வந்தது. சுமார் 2 கோடியே 30 லட்சம் உரிமையாளர்களுக்குப் போனது எச்சரிக்கை ஒட்டுச்சீட்டு. வண்டிக்குள் ஒட்டிக்கொள்ளச் சொன்னார்கள், அவ்வளவுதான். ஒரு திருகாணியைக்கூட யாரும் தொடவில்லை. அதற்கு 'எச்சரிக்கை அறிவிப்பு' என்ற பெயரே போதும். குறை அப்படியே இருக்க, குறைதீர் என்று பெயர் கொடுப்பானேன்?

'மீளழைப்பு'க்கு ஆதரவாளர்கள் வருந்த வேண்டாம். 2022 அறிவிப்பில், இதே புஷ்ஷுக்காக 2018 முதல் வந்த அழைப்புகளுக்குப் போய்ச் சரிசெய்துகொண்டு வந்தவர்களையும் மறுபடி வரச் சொன்னார்கள். அந்த இரண்டாம் அழைப்புக்கு அந்தச் சொல்லை முழு உரிமையோடு தந்துவிடுகிறேன்.

பட்டியலில் ஏற்றப்போகும் பதிவு இது:

குறைதீர் அழைப்பு: விற்ற ஊர்தியில் பாதுகாப்புக் குறை இருப்பது தெரிந்ததும், அதைச் செலவின்றித் தீர்த்துக்கொள்ள வருமாறு தயாரிப்பாளர் உரிமையாளருக்கு விடுக்கும் அழைப்பு. மருந்து, உணவு ஆகியவற்றுக்குத் 'திரும்பப் பெறுதல்' என்பதே தொடரும்.

செவ்வாய்க்கிழமைக்குள் மறுப்பு வராவிட்டால் ஏற்றிவிடுகிறேன். நிறுத்திய வண்டி தானாக உருண்டு போவதற்கு 'தன்னுருளல்' என்று ஒருவர் போன வாரம் எழுதியிருந்தார்; அதைப் பற்றி யாரும் வாய் திறக்கவில்லை. எனக்கு அரை மனம்தான். தனி இழையில் பேசலாம்.

(வேலூர்)