புதுப்பிப்பு: 36-0 ஆட்டம், இன்னும் கொஞ்சம்

ஸ்காட்லாந்தின் கால்பந்துப் போட்டியான ஸ்காட்டிஷ் கோப்பையில் 1885 செப்டம்பர் 12 அன்று அர்ப்ரோத் அணி அபர்டீனைச் சேர்ந்த பான் அக்கார்டை 36-0 என்று வென்றதைப் பற்றி முன்பு எழுதியிருந்தேன். படித்த பலரும் கேட்டது ஒன்றுதான்: 90 நிமிடத்தில் அத்தனை கோல் எப்படிச் சாத்தியம்?

கணக்குப் போட்டால் இரண்டரை நிமிடத்துக்கு ஒரு கோல். அப்போது கோல் கம்பங்களுக்குப் பின்னால் வலை கிடையாது. பந்து எங்கோ ஓடிவிடும், யாராவது போய் எடுத்து வர வேண்டும். அந்த நேரத்தையும் கழித்துப் பாருங்கள்! போதாக்குறைக்கு நடுவர் பல கோல்களைச் செல்லாது என்று அறிவித்திருக்கிறார்.

ஸ்காட்லாந்தில் 1893 வரை ஆட்டக்காரர்களுக்குச் சம்பளம் தர அனுமதி இல்லை, ஆகவே விதிப்படி இரு பக்கமும் அமெச்சூர்கள்தான். ஆனால் பான் அக்கார்டு பழக்கமே இல்லாத அணி. கிரிக்கெட் கிளப்புக்குத் தவறுதலாக அழைப்பு போய்விட்டது என்றொரு கதையும் உண்டு. அதை நான் முழுதாக நம்பவில்லை. எப்படியோ, அவர்கள் பாதியில் வெளியேறவில்லை, கடைசி விசில் வரை ஆடினார்கள். எனக்கு அவர்கள்மேல்தான் மரியாதை அதிகம்.

அப்புறம், அதே நாளில் அதே கோப்பையில் டண்டீ ஹார்ப் 35-0 என்று வென்றது. ஒரு கோலில் சாதனை போயிற்று!

அர்ப்ரோத்தின் ஜான் பெட்ரி அன்று அடித்தது 13 கோல். சர்வதேச ஆட்டத்தில் அந்த எண்ணிக்கையை எட்டியவர் ஆஸ்திரேலியாவின் ஆர்ச்சி தாம்சன், 2001இல் அமெரிக்கன் சமோவாவுக்கு எதிராக.