மாணவர்கள் முன்னின்று நடத்தும் மறுசுழற்சி: மலைப் பள்ளிகளில் கண்டவை

கோத்தகிரிப் பக்கத்து அரசு மேல்நிலைப் பள்ளி ஆசிரியை:

எங்கள் பள்ளியில் இந்த வேலையைத் தொடங்கியவர்கள் ஒன்பதாம் வகுப்பு மாணவர்கள்தான். பள்ளி மாணவர்களின் சுற்றுச்சூழல் அமைப்பான தேசிய பசுமைப்படையின் பொறுப்பாசிரியை என்ற முறையில் நான் உடன் நின்றேன், அவ்வளவே. தமிழ்நாடு முழுவதும் ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக் பொருட்களுக்கு 2019 ஜனவரி 1 முதல்தான் தடை வந்தது. நீலகிரியில் கேரி பைக்குத் தடை அதற்குப் பல ஆண்டுகள் முன்பே வந்துவிட்டதால், எங்கள் பிள்ளைகள் அதை அதிகம் பார்க்காமலே வளர்ந்தவர்கள். பள்ளியில் சேரும் குப்பை எது என்பதைத் தெரிந்துகொள்ள, ஒருநாள் எல்லா வகுப்புத் தொட்டிகளையும் வராந்தாவில் விரித்த பழைய ஃபிளக்ஸ் பேனர்மேல் கொட்டிப் பிரித்தார்கள். நோட்டுத் தாள், சத்துணவு முட்டை ஓடு, மை தீர்ந்த பேனா போக மிச்சமெல்லாம் ஐந்து ரூபாய், பத்து ரூபாய் சிப்ஸ், பிஸ்கட் கவர்களே.

தாளை விற்பது எளிது என்றுதான் எல்லோரும் எண்ணுவோம். ஆனால் எங்கள் பக்கம் வடகிழக்குப் பருவமழை கனத்துப் பெய்யும். ஐப்பசி, கார்த்திகையில் அறைக்குள் அடுக்கிய தாள்கூட நமுத்துப் போகும். பழைய பேப்பர் கடைக்காரர் கட்டின் நடுவே விரலை நுழைத்துப் பார்த்து, ஈரத்துக்கென்று ஓர் எடையைக் கழித்துவிடுவார். அது பிள்ளைகளுக்குப் பொறுக்கவில்லை. சத்துணவுக் கூடத்தின் அடுப்புச் சுவருக்கு மறுபக்கம் எப்போதும் வெதுவெதுப்பாக இருப்பதைக் கண்டுபிடித்து, அங்கே இரண்டு செங்கல் உயரத்துக்குப் பலகை போட்டுக் கட்டுகளை மாற்றினார்கள். கணக்கு நோட்டில் தேதி, வகை, எடை, கழிவு, தொகை எனக் கட்டம் போட்டு, கடைக்காரரிடம் கையெழுத்தும் வாங்கினார்கள். "அண்ணா, எவ்வளவு கழிச்சீங்கன்னு தனியா எழுதுங்க" என்று ஒரு மாணவி கேட்டதிலிருந்து, கழிவே குறைந்துபோனது என்பது என் கணிப்பு.

சிப்ஸ் கவர்தான் எங்களுக்குப் பெரிய தலைவலி. பிளாஸ்டிக்கும் அலுமினியப் பூச்சும் அடுக்கடுக்காக ஒட்டியிருப்பதால் அதைப் பிரித்து உருக்குவது மிகக் கடினம். பெரும்பாலும் சிமெண்ட் ஆலைச் சூளைக்கு எரிபொருளாக அனுப்புவதே வழி. எடையில்லாமல் இடத்தை மட்டும் அடைக்கும் அந்தச் சரக்கை மலையிலிருந்து கீழே இறக்க வண்டி வாடகைக்குக்கூடக் கட்டாது. எனவே மாணவர்கள் பள்ளி எதிரே உள்ள பெட்டிக் கடைக்குச் சென்று, கடலை மிட்டாயையும் முறுக்கையும் கண்ணாடி ஜாடியில் வைத்து விற்கும்படி கேட்டார்கள். கடைக்கார அண்ணன் ஜாடிக்குச் சம்மதித்தார். சிப்ஸை நிறுத்தச் சம்மதிக்கவில்லை. அவருக்கு வரும் வருமானத்தைப் பார்த்தால் அதைக் குறை சொல்வதற்கில்லை.

குன்னூர், பழைய பொருட்கள் வாங்கும் கடைக்காரர்:

ஈரத்துக்கென்று எடையைக் கழிப்பதாக டீச்சர் சொன்னதைப் பற்றி நான் ஒன்றும் சொல்லப் போவதில்லை, அது எங்கள் தொழிலில் உள்ளதுதான். எங்கள் கடைக்கு வரும் பள்ளிப் பிள்ளைகள் கொண்டுவரும் பால் கவர்கள் மற்றவர்கள் கொண்டுவருவதைவிடச் சுத்தமாக இருக்கும். கழுவி, துணி கிளிப் போட்டுக் காயவைத்து, நூறு நூறாக அடுக்கிக் கட்டுகிறார்கள். கவரை வெட்டும்போது மூலையை முழுதாக நறுக்கி எறியாமல், துண்டு கவரோடே ஒட்டிக்கொண்டிருக்கும்படி விடுகிறார்கள். அந்தச் சிறு துண்டுகள்தாம் பிறகு சாக்கடையில் போய்ச் சேருபவை. குரங்கு மூட்டையைக் கிழிக்காமலிருக்க மூடி போட்ட எண்ணெய் டிரம் வேண்டும் என்று கேட்டு வாங்கிப் போனதும் அவர்களே.

கூடலூர், பெற்றோர் ஆசிரியர் கழக உறுப்பினர்:

எங்கள் பள்ளியில் நடந்தது கொஞ்சம் சிக்கலானது. டாஸ்மாக் பாட்டிலுக்குப் பத்து ரூபாய் கூடுதலாக வாங்கி, காலி பாட்டிலைத் திருப்பிக் கொடுத்தால் அந்தப் பணத்தைத் தரும் திட்டம் 2022-இல் நீலகிரியில்தான் தொடங்கியது. உடைந்த பாட்டில்கள் யானைகளின் பாதத்தைக் கிழிப்பதைப் பற்றிப் பாடம் கேட்ட மாணவர்கள் சிலர், சாலையோரம் கிடந்த பாட்டில்களையும் சேகரிக்கத் தொடங்கினார்கள். மதுபாட்டிலைப் பிள்ளைகள் கையில் கொடுப்பதா என்று கூட்டத்தில் பெரும் சத்தம். நானும் எதிர்த்தவர்களில் ஒருவன். இன்றும் அந்தக் கருத்தில் மாற்றமில்லை. ஆனால் பத்தாம் வகுப்பு மாணவன் ஒருவன் எழுந்து, "அப்படியானால் பெரியவர்களே எடுத்துக் கொடுங்கள், கணக்கை நாங்கள் எழுதிக்கொள்கிறோம்" என்றபோது ஒருவரும் பதில் பேசவில்லை. இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் பெற்றோர்களில் சிலர் கையுறை மாட்டிக்கொண்டு அந்த வேலையைச் செய்கிறோம். எடை, எண்ணிக்கை, வரவு எல்லாம் பிள்ளைகளின் நோட்டில்.

கோடைக்கானல், முன்னாள் மாணவி:

இங்கே சிறிய பிளாஸ்டிக் பாட்டில் வைத்திருப்போரிடம் பாட்டிலுக்கு இருபது ரூபாய் பசுமை வரி வாங்குகிறார்கள்; 2024 மே 7 முதல் ஊட்டியைப் போலவே எங்கள் ஊருக்கு வரும் வெளியூர் வண்டிகளுக்கும் இ-பாஸ் என்ற முன் அனுமதி வந்துவிட்டது. எனினும் ஊரில் குப்பை மிகுவது ஏப்ரல், மே மாதங்களில், அதாவது பள்ளி பூட்டியிருக்கும் சீசனில். நாங்கள் படித்த காலத்தில் தேர்வு முடிந்த அன்றே டிரம்களைக் கழுவிக் கவிழ்த்துவிட்டுப் போவோம். இப்போதைய மாணவர்கள் ஊரிலேயே இருப்பவர்களாகப் பார்த்து விடுமுறைக்கென்று தனிக் குழு அமைத்து, வாட்ச்மேன் தாத்தாவிடம் சாவி வாங்கி வாரம் ஒருமுறை திறக்கிறார்கள். சுற்றுலாக் குப்பையை மட்டும் அவர்கள் தொடுவதில்லை. அது நகராட்சியின் வேலை என்று தெளிவாகச் சொல்லிவிட்டார்கள்.