தமிழ் நேர்காணல்களை ஆராய எந்தக் கட்டற்ற மென்பொருள்?

வணக்கம் நண்பர்களே. பள்ளி இடைநிற்றல் பற்றி முனைவர் பட்ட ஆய்வு செய்கிறேன். பெற்றோரிடம் எடுத்த நேர்காணல்களை யூனிகோடில் தட்டச்சு செய்து வைத்திருக்கிறேன். காசு கட்டி வாங்கும் மென்பொருள் எனக்குக் கட்டுப்படியாகாது. தவிர, நம்பிச் சொன்ன குடும்ப விஷயங்களை வெளியார் சர்வரில் ஏற்ற மனமில்லை.

வரிகளுக்குக் குறிச்சொல் இட டேகெட் (Taguette) என்ற கட்டற்ற மென்பொருளை என் கணினியிலேயே நிறுவினேன். தமிழ் நன்றாகவே தெரிகிறது. ஆடியோவிலும் குறியிட வேண்டும், குவால்கோடர் (QualCoder) என்ற இன்னொரு கட்டற்ற மென்பொருளுக்கு மாறலாமா?

சொற்களை எண்ணும்போதுதான் பெரிய சிக்கல். பைத்தானில் வழக்கமாகச் சொல் பிரிக்கும் ரெஜெக்ஸ் (எழுத்து வடிவங்களைத் தேடும் கோவை), மெய்யெழுத்தின் புள்ளியையும் உயிர்மெய்க் குறிகளையும் எழுத்தாகக் கணக்கில் எடுப்பதில்லை. ஒற்றை எழுத்துத் துண்டுகளும் உதிர்ந்துவிட, ‘பள்ளி’ என்று கொடுத்தால் ‘பள’ மட்டும் மிஞ்சுகிறது! இடைவெளியை வைத்துப் பிரித்து அதைச் சரிசெய்துவிட்டேன். அப்புறம் பார்த்தால் பள்ளிக்கு, பள்ளியில், பள்ளிக்கூடத்துல என ஒவ்வொன்றும் தனிச்சொல்லாக நிற்கிறது. ஸ்னோபால் (Snowball) தொகுப்பில் உள்ள தமிழ் ஸ்டெம்மர், அதாவது விகுதிகளை வெட்டி அடிச்சொல்லைத் தரும் நிரல், பேச்சுத்தமிழுக்கு ஒத்துவருமா? எழுத்துத்தமிழுக்கு மாற்றிவிட்டு எண்ணலாம்தான். ஆனால் அந்தத் தாய்மார்களின் பேச்சில் கைவைக்க எனக்கு விருப்பமில்லை.

யாராவது பேச்சுவழக்கில் செய்து பார்த்திருந்தால், நிரலையோ விலக்குச் சொற்பட்டியலையோ (எண்ணும்போது ஒதுக்கும் பொதுச்சொற்கள்) பகிர முடியுமா? என் பட்டியலையும் தருகிறேன்.