தனிக் கன்வெர்ட்டரில் இயக்க நேரப் பிழை: உள் ஆப்ஜெக்ட் வந்தால் மட்டும்

கேள்வி
சி ஷார்ப்பில், ஜேசன் வடிவத் தரவைக் கையாளும் சிஸ்டம்.டெக்ஸ்ட்.ஜேசன் நூலகத்துக்காக ‘முகவரி’ கிளாஸுக்கு ஒரு தனிக் கன்வெர்ட்டர் (ஜேசன் தரவை அந்த கிளாஸின் ஆப்ஜெக்ட்டாக மாற்றுவது) எழுதியிருக்கிறேன். கம்பைல் செய்யும்போது எந்தக் குறையும் இல்லை. இயக்கும்போதுதான், கன்வெர்ட்டர் அதிகமாகவோ குறைவாகவோ வாசித்துவிட்டது என்று ஜேசன் எக்ஸெப்ஷன் வருகிறது. தெரு, ஊர் ஆகிய புலங்கள் மட்டும் இருந்தால் சிக்கல் இல்லை. நான் கையாளாத ‘குறிப்பு’ என்ற உள் ஆப்ஜெக்ட் வந்தால் மட்டுமே நிற்கிறது. எங்கே பார்க்க வேண்டும்?

பதில் 1
கன்வெர்ட்டரின் ரீட் மெத்தட் முடியும்போது, ஜேசன் தரவை வரிசையாக வாசித்துச் செல்லும் ரீடர், தான் தொடங்கிய அதே ஆப்ஜெக்ட்டின் மூடும் அடைப்பில் நிற்க வேண்டும் என்பது இந்நூலகத்தின் கண்டிப்பான விதி. புலங்களை வாசிக்கும் உங்கள் லூப், ‘குறிப்பு’க்குள் இருக்கும் மூடும் அடைப்பைத் தன்னுடைய முடிவு என்று எடுத்துக்கொண்டு முன்னதாகவே திரும்பிவிடுகிறது என்றே தோன்றுகிறது. தெரியாத புலம் வந்தவுடன் ரீடரின் ஸ்கிப் மெத்தடை அழையுங்கள். அது உள்ளே எத்தனை அடுக்குகள் இருந்தாலும் அந்த மதிப்பு முழுவதையும் தாண்டிவிடும்.

பதில் 2
மேலே சொன்னது சரியே. ஆயினும் ஸ்ட்ரீமிலிருந்து அசிங்க் முறையில் (தரவு வரும்வரை நிரல் தடைபட்டு நிற்காமல்) வாசிப்பதாக இருந்தால், தரவு துண்டு துண்டாக வருவதால், கையில் இருப்பது கடைசித் துண்டாக இல்லாதபோது ஸ்கிப் மெத்தடே இன்வேலிட் ஆப்பரேஷன் எக்ஸெப்ஷன் எறியக்கூடும். அங்கே, தாண்ட முடிந்ததா என்பதைத் திருப்பிச் சொல்லும் ட்ரைஸ்கிப் மெத்தடைப் பயன்படுத்துவதே நல்லது. கன்வெர்ட்டரை அழைக்கும் முன்பே அதற்குரிய மதிப்பு முழுவதையும் நூலகம் நினைவகத்தில் சேர்த்துவிடுவதால் ட்ரைஸ்கிப் தடையின்றி வேலை செய்யும்.

பதில் 3
இன்னொன்றையும் கவனியுங்கள். கன்வெர்ட்டருக்குள்ளிருந்து அதே டைப்பை, அதே ஆப்ஷன்ஸுடன் (நூலகத்துக்குத் தரும் அமைப்புகள்) டீசீரியலைஸ் செய்யச் (ஜேசனிலிருந்து ஆப்ஜெக்ட்டாக மாற்றச்) சொன்னால், கன்வெர்ட்டர் தன்னையே மீண்டும் மீண்டும் அழைத்து ஸ்டாக் ஓவர்ஃப்ளோவில் (அழைப்புகளுக்கான நினைவகம் நிரம்பிவிடுவது) முடியும். சி ஷார்ப் இயங்கும் தளமான டாட்நெட்டில் அதை கேட்ச் பிளாக்கால் பிடிக்க முடியாது, ப்ராசஸே நின்றுவிடும். இந்தக் கன்வெர்ட்டர் சேர்க்கப்படாத தனி ஆப்ஷன்ஸ் ஒன்றை ஒரே முறை உருவாக்கி, அதையே உள்ளே கொடுங்கள்.