அழிக்க அழிக்க முளைக்கும் டெம்ப் ஃபைல்கள், சி டிரைவ் எப்போதும் சிவப்பு

கடைப்பையன்:
அப்பா கடையில் பில் போடுகிற கம்ப்யூட்டர். விண்டோஸ் 7 தான், பில்லிங் சாஃப்ட்வேர் புதியதில் ஓடாது என்பதால் அப்படியே ஓட்டிக்கொண்டிருக்கிறோம் (2020 ஜனவரியோடு சப்போர்ட் நின்றுவிட்டது தெரியும், அதற்காகத் திட்டாதீர்கள்). 120 ஜிபி எஸ்எஸ்டி. இரண்டு வாரமாக சி டிரைவ் நிரம்பிப்போய் பில் சேவ் ஆக மாட்டேன் என்கிறது. தேடிப் பார்த்தால் விண்டோஸ் ஃபோல்டருக்குள் தற்காலிக ஃைல்களுக்காக இருக்கும் டெம்ப் ஃபோல்டரில் ‘கேப்’ என்று பெயர் தொடங்கும் ஃபைல்கள், ஒவ்வொன்றும் சுமார் 100 எம்பி, முன்னூறுக்கு மேல் கிடந்தன. மொத்தமாக டெலீட் கொடுத்தால் மற்றதெல்லாம் போகிறது, ஒன்று மட்டும் வேறு புரோகிராமில் திறந்திருக்கிறது என்று அடம்பிடிக்கிறது. சரி, தொலையட்டும் என்று விட்டால் மறுநாள் பத்து இருபது புதிதாக வந்து உட்கார்ந்திருக்கின்றன. வைரஸா இது?

சும்மாவந்தேன்:
ஃபார்மட் போட்டுவிடுங்கள் பாஸ். அரை நாள் வேலை.

கீபோர்டு தூசி:
ஃபார்மட்டா, அந்தப் பில்லிங் சாஃப்ட்வேரை மறுபடி யார் ஏற்றுவது? முதலில் விண்டோஸிலேயே இருக்கும் குப்பை நீக்கும் கருவி, டிஸ்க் கிளீனப், அதை ஓட்டிப் பாருங்கள். ஆனால் ஒரு விஷயம், அது டெம்ப்பில் ஒரு வாரத்துக்கு மேல் யாரும் தொடாத ஃபைலைத்தான் எடுக்கும், நேற்று வந்ததை அப்படியே விட்டுவிடும். ஓட்டியும் குறையவில்லையே என்று பலர் குழம்புவது இதனால்தான். கையால் அழிக்கும்போது ஷிப்ட்டை அழுத்திக்கொண்டு டெலீட் கொடுங்கள், இல்லாவிட்டால் ரீசைக்கிள் பின்னுக்குப் போய் அதே இடத்தை அடைத்துக்கொண்டிருக்கும். அடம்பிடிப்பதற்கு ‘ஸ்கிப்’ கொடுத்துவிட்டு, சேஃப் மோடில் (அவசியமானதை மட்டும் வைத்து விண்டோஸைத் தொடங்கும் முறை) போய் எடுங்கள்.

கடைப்பையன்:
சேஃப் மோடில் எல்லாம் போனது அண்ணே. ரீஸ்டார்ட் செய்து கடை மூடுவதற்குள் மறுபடி ஏழு.

பழைய மதர்போர்டு:
தம்பி, அழிக்கிறதை நிறுத்திவிட்டு யார் எழுதுகிறார்கள் என்று பாருங்கள். ஸ்டார்ட்டில் ரிசோர்ஸ் மானிட்டர் என்று தேடித் திறந்து, சிபியு பக்கத்தில் ‘அசோசியேட்டட் ஹேண்டில்ஸ்’ என்று ஒரு தேடல் பெட்டி இருக்கும், அதில் அழிய மறுக்கும் ஃபைலின் பெயரைப் போடுங்கள். எந்தப் புரோகிராம் பிடித்துவைத்திருக்கிறது என்று காட்டும்.

கடைப்பையன்:
மேக்கேப் என்று வருகிறது. இதை நான் இன்ஸ்டால் செய்யவே இல்லையே?

பழைய மதர்போர்டு:
நினைத்தேன். வைரஸ் இல்லை, விண்டோஸோடு வருகிற கருவிதான் அது. அப்டேட் வேலைகளை விண்டோஸ் ஒரு லாக்கில், அதாவது பதிவு ஃபைலில், எழுதிக்கொண்டே போகும், விண்டோஸ் ஃபோல்டரில் லாக்ஸ், அதற்குள் சிபிஎஸ் என்று இருக்கும் பாருங்கள். லாக் பெருத்ததும் பழையதை ஒதுக்கி மேக்கேப்பிடம் கொடுத்துச் சுருக்கச் சொல்லும். ஆனால் மேக்கேப்பால் 2 ஜிபிக்கு மேற்பட்ட ஃபைலைச் சுருக்க முடியாது. பாதியில் தோற்று, அரைகுறையாகச் செய்ததை டெம்ப்பிலேயே போட்டுவிட்டுப் போகும். கொஞ்ச நேரத்தில் விண்டோஸ் மறுபடி அதே லாக்கைக் கொடுக்கும், மறுபடி தோற்கும், இன்னொரு 100 எம்பி. நீங்கள் குப்பையை அள்ளிக்கொண்டிருக்கிறீர்கள், குழாய் திறந்தே கிடக்கிறது.

முதலில் பில் டேட்டாவை ஒரு பென்டிரைவில் எடுத்துவையுங்கள். பின்னணியில் ஓடுகிறவற்றின் பட்டியலான சர்வீசஸில் ‘விண்டோஸ் மாட்யூல்ஸ் இன்ஸ்டாலர்’ என்பதை ஸ்டாப் செய்யுங்கள், டாஸ்க் மேனேஜரில் மேக்கேப் ஓடினால் அதையும் முடித்துவிடுங்கள். அப்புறம் அந்த சிபிஎஸ் ஃபோல்டரில் ‘சிபிஎஸ் பெர்சிஸ்ட்’ என்று தொடங்கும் பெரிய பழைய லாக்கை அழியுங்கள். அதற்குப் பிறகு டெம்ப்பைத் துடையுங்கள். வேகத்தில் பக்கத்தில் இருக்கும் வின்எஸ்எக்ஸ்எஸ், இன்ஸ்டாலர் ஃபோல்டர்களில் மட்டும் கை வைக்காதீர்கள். பார்க்கக் குப்பை மாதிரி இருக்கும், அழித்தால் பின்னால் ஒரு சாஃப்ட்வேரைக் கழற்றவும் முடியாது, புதுப்பிக்கவும் முடியாது.

கடைப்பையன்:
லாக் ஒன்றே 4 ஜிபிக்கு மேல்! நோட்பேடில் திறந்து பார்க்கலாம் என்று போய் சிஸ்டமே உறைந்துவிட்டது, அது வேறு கதை. அழித்து மூன்று நாளாகிறது, டெம்ப்பில் ஒன்றுகூட வரவில்லை, 36 ஜிபி காலி. நன்றி அண்ணே. லாக் மறுபடி பெருக்காமல் இருக்க ஏதாவது வழி உண்டா?

பழைய மதர்போர்டு:
மாதம் ஒருமுறை அந்த ஃபோல்டரின் அளவைப் பாருங்கள், 1 ஜிபியை நெருங்கினால் இதே மாதிரி எடுத்துவிடுங்கள். அப்டேட்டே வராத மெஷினில் அவ்வளவு சீக்கிரம் பெருக்காது.