பொருள்: "கூட்டுத் தூய்மைத் தளத் தரவுத்தளம்" – வேறு சொல் சொல்லுங்கள்

காரைக்குடி, ஆவணத் தொகுப்பு:

வணக்கம். பல தொழில்கள் சேர்ந்து கெடுத்த ஒரே நிலம். அதைச் சீராக்க எல்லாரும் சேர்ந்து செலவு செய்ய வேண்டும். அதன் பழைய ஆவணங்கள் கணினியில் ஒரே இடத்தில் இருக்க வேண்டும். இதற்கு வரைவில் வந்திருக்கும் சொல்தான் மேலே உள்ளது. முதல் தளம் மண், இரண்டாம் தளம் கணினி. வலைத்தளத்திலும் ஏற்றிவிட்டால் மூன்று மாடி ஆகிவிடும்! மண்ணுக்குப் "புலம்" சரிவருமா?

தேவகோட்டை, நில அளவை:

> மண்ணுக்குப் "புலம்" சரிவருமா?

வராது ஆச்சி. அட்டவணையின் நெடுவரிசையையும் கணினிக்காரர்கள் புலம் என்றுதான் சொல்கிறார்கள். "புல எண் என்ற புலம்" என்று எழுத நேரும். மாசுநிலம் என்றாலே விளங்கும்.

சொல்லை விடுங்கள், புல எண்ணை அடையாள எண்ணாக வைப்பதே ஆபத்து. 1985க்கு முன் சிவகங்கை மாவட்டம் கிடையாது. அந்தக் கோப்புகள் இராமநாதபுரம் என்ற தலைப்பில் கிடக்கும். யு.டி.ஆர். என்ற நில உடைமைப் பதிவேட்டுப் புதுப்பிப்புத் திட்டக் காலத்தில் எண்கள் பல மாறின, பிறகு உட்பிரிவும் ஆயின. ஆகவே நிலத்துக்கு என்றும் மாறாத ஓர் எண்ணை நாமே கொடுத்துவிட்டு, புல எண்களைத் தனி அட்டவணையில் "எந்த ஆண்டு முதல், எந்த ஆண்டு வரை" என்ற இரண்டு நெடுவரிசைகளோடு வைக்க வேண்டும். பழைய வரைபடத்திலிருந்து எடுத்த அட்சரேகை, தீர்க்கரேகை எவரெஸ்ட் என்ற பழைய புவி அளவுக் கணக்கில் இருக்கும், ஜி.பி.எஸ். கருவி டபிள்யூ.ஜி.எஸ். 84 என்ற இன்றைய உலகப் பொதுக் கணக்கில் காட்டும். மாற்றாமல் கலந்தால் கிணறு நூறு மீட்டருக்கு மேல் தள்ளிப்போய்க் கண்மாய்க்குள் நிற்கும்.

பள்ளத்தூர், நீர் ஆய்வு:

"தூய்மை" வேண்டாம். குப்பை அள்ளுவது என்றுதான் படிப்பவர் நினைப்பார். "மாசகற்றல்" என்றாலும் பாதிதான் சரி: மேலே களிமண் மூடி போட்டு அடைத்தால் மாசு அங்கேயேதான் இருக்கிறது. "நிலமீட்பு" என்றால் கோயில் நில ஆக்கிரமிப்புச் செய்தி. "மாசுமீட்பு" என்றால் மாசைத் திரும்பக் கொண்டுவருகிறோம்! சீரமைப்பு என்றே இருக்கட்டும்.

"கூட்டு" சரியான சொல். கூட்டுப்பட்டா தெரியாத வீடு இங்கே இல்லை. பெயர்கள் பல, எல்லை பிரிக்கவில்லை. மாசுநிலச் சீரமைப்புக்கான அமெரிக்காவின் 1980 சூப்பர்ஃபண்ட் சட்டத்தின் கீழ் நீதிமன்றங்கள் விதிக்கும் "கூட்டாகவும் தனித்தனியாகவும்" பொறுப்பு (முழுச் செலவையும் எவர் ஒருவரிடமும் கேட்கலாம்) என்பதற்கும் அது பொருந்தும்.

பதிவில் நடக்கும் பெரிய தப்பு ஒன்று. "கண்டறியப்படவில்லை" என்ற முடிவைப் பலர் 0 என்று ஏற்றிவிடுகிறார்கள். குடிநீரில் மொத்தக் குரோமியம் லிட்டருக்கு 0.05 மில்லிகிராம் தாண்டக் கூடாது என்பது ஐ.எஸ். 10500 என்ற இந்தியக் குடிநீர்த் தரம். பழைய ஆய்வு முறையால் 0.1க்குக் கீழ் காண முடியாது என்றால், அந்தத் தாள் நீர் நல்லது என்று சொல்லவில்லை, ஒன்றுமே சொல்லவில்லை. அதை "0.1க்குக் கீழ்" என்றே பதிய வேண்டும். மைக்ரோகிராமை மில்லிகிராம் என்று ஏற்றினால் ஆயிரம் மடங்கு பிழை. மண் மாதிரி என்றால் ஈர எடையா உலர் எடையா என்பதும் வேண்டும். கிணற்று நீர்மட்டத்தைக் கைப்பிடிச்சுவர் மேலிருந்து அளந்தார்களா, தரையிலிருந்தா என்று எழுதாத அளவு எதற்கும் ஆகாது.

கண்டனூர், கணக்கு:

தரவுத்தளத்துக்குப் "பேரேடு" இருக்கும்போது வேறு ஏன்? சிட்டையில் நாள்வரிசைப்படி வந்தது வந்தபடி எழுதுவோம். பிறகு தலைப்பு வாரியாகப் பேரேட்டில் ஏற்றுவோம், பக்கத்தில் சிட்டைப் பக்க எண்ணோடு. இங்கும் அதேதான். ஆய்வுக்கூட அறிக்கை, பழைய உரிமம், வரைபடம் எல்லாம் சிட்டை, தொடக் கூடாது. மாதிரி எடுத்த இடம் வாரியாக ஏற்றியது பேரேடு.

காரைக்குடி, ஆவணத் தொகுப்பு:

> தரவுத்தளத்துக்குப் "பேரேடு" இருக்கும்போது வேறு ஏன்?

பணக்கணக்கு என்று மயங்கமாட்டார்களா அண்ணே? இருந்தாலும் சிட்டைப் பக்க எண் என்பது மனசுக்குப் பிடிக்கிறது. தாளில் குத்திய பின்னை எடுத்து, அங்குலத்துக்கு 300 புள்ளி (டி.பி.ஐ.) அளவில் வருடி, படக்கோப்புக்கு எண் கொடுத்து, அந்த எண் இல்லாத எந்த அளவையும் பேரேட்டில் ஏற்றக் கூடாது என்று விதி வைக்கலாம். படக்கோப்பு பின்னால் மாறவில்லை என்று காட்ட ஒரு சரிபார்ப்புத் தொகையும் (கோப்பிலிருந்து கணினி கணக்கிடும் எண், கோப்பு மாறினால் அதுவும் மாறும்) வேண்டும்.

கண்டனூர், கணக்கு:

மாசுநிலம் என்ற சொல் முன்னால் நிற்கும்போது மயக்கம் வராது. பிழை கண்டால் அழிக்காதீர்கள். பழைய வரியை அடித்து, காரணம் எழுதி, புது வரி போடுங்கள். இன்னொன்று, பங்காளி ஒவ்வொருவரும் தனிப் படி வைத்துத் திருத்தினால் நாலு பேரேடு ஆகும், நாலும் நாலு சொல்லும். எழுதுவது ஒரே கை, படிப்பது எல்லாரும். வளவு வீட்டில் முகப்பும் வளவும் (நடு முற்றம்) பொது, அறை அவரவருக்கு. ஆய்வு முடிவுகள் வளவில், வக்கீல் கடிதங்கள் அறையில்.

தேவகோட்டை, நில அளவை:

அப்படியானால் கூட்டு மாசுநிலப் பேரேடு, மூலச்சிட்டை. வரைவில் பழைய ஆவணங்களுக்கு முன் வரும் "வரலாற்று" என்ற அடைமொழியை எடுத்துவிடலாம், மன்னர் காலம் மாதிரி இருக்கிறது, "பழம்பதிவு" போதும். மாதிரிப் புட்டி கைமாறும்போது கையெழுத்தாகும் தாளுக்கு "கைமாற்றுச் சீட்டு" என்று சொல்லலாமா?

பள்ளத்தூர், நீர் ஆய்வு:

கைமாற்று என்றால் நம் ஊரில் வட்டியில்லாக் கடன். "ஒப்படைப்புச் சீட்டு" போடுங்கள்.