பொருள்: 'கவுஸ் மணிச்சார்பு' – என் முன்மொழிவு

அனைவருக்கும் யாங்கூனிலிருந்து வணக்கம். ஜெர்மானியக் கணிதர் கவுசின் பெயரால் ஆங்கிலத்தில் Gaussian function எனப்படும் சார்பைத் தமிழில் எப்படி அழைப்பது என்ற நம் பேச்சுக்கு என் பதில் இது.

மோல்மேன் நகர ஆசிரியர் ஐயா 'இயல்நிலைச் சார்பு' போதும் என்கிறார்கள். பணிவோடு மறுக்கிறேன். இயல்நிலைப் பரவல் (normal distribution) தமிழ்நாட்டுப் பாடநூல்களில் வேரூன்றிய சொல். அதுவே இலங்கையில் செவ்வன் பரம்பல். இரண்டும் நிகழ்தகவுக்கு உரியவை. அங்கே வளைவின் கீழ்ப் பரப்பு 1 ஆக இருந்தே தீர வேண்டும். நாம் பெயர் தேடுவது அதற்கு அடியில் கிடக்கும் சார்புக்கு. மாறியின் வர்க்கத்துக்கு எதிர்க்குறியிட்டு அடுக்குக்குறிச் சார்பில் ஏற்றினால் கிடைக்கும் அதன் (e^(−x²)) பரப்பு, பையின் (π) வர்க்கமூலம்: ஏறத்தாழ 1.772. நீண்ட கம்பியில் ஒரு புள்ளியில் இட்ட சூடு பரவுவதற்கும், நிழற்படத்தை மென்பொருள் மங்கலாக்குவதற்கும் இதே சார்புதான். அங்கே 'இயல்நிலை' எதற்கு? அந்தப் பெயரைப் பரப்பிய புள்ளியியலாளர் கார்ல் பியர்சனே, மற்றப் பரவல்களெல்லாம் இயல்புக்கு மாறானவை என்ற எண்ணத்தை அது விதைக்கிறதே என்று பின்னாளில் வருந்தினார்.

தங்கை முன்வைத்த 'மணிச்சார்பு' எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது. நம் பிள்ளைகள் கணக்கைப் பர்மியத்தில் படித்துவிட்டு வாரக்கடைசியில் தமிழ் கற்க வருகிறார்கள். சொல்லைக் கேட்டதும் உருவம் கண்ணில் எழ வேண்டும். 55,555 வீசை எடையுள்ள, மியன்மாவின் மிங்குன் பெருமணியை நினைத்துப் பாருங்கள். (வீசை என்ற எடை அளவு நம் சொல் என்பதில் எனக்கு எப்போதும் மகிழ்ச்சி.) உச்சியிலிருந்து கவிழ்ந்து இறங்கும் உடல், ஓரிடத்தில் மனம் மாறி விளிம்பை நோக்கி வெளியே விரிகிறது. நம் சார்பிலும் அப்படி ஒரு வளைவு மாற்றப் புள்ளி உண்டு. நடுவிலிருந்து மிகச் சரியாக ஒரு திட்ட விலக்கத் (அகலத்தைக் குறிக்கும் அளவு) தூரத்தில். மணிக்கு விளிம்பு உண்டு, சார்பு அச்சைத் தொடுவதே இல்லை என்பதை மட்டும் பிள்ளைகளுக்குச் சொல்லிவிட வேண்டும்.

ஆனால் 'மணிச்சார்பு' மட்டும் போதாது. கணிதர் கோஷியின் பெயர் கொண்ட வளைவும் மணி போலத்தான் இருக்கிறது. ஒன்றோடு மாறியின் வர்க்கத்தைக் கூட்டித் தலைகீழாக்கினால் வருவது அது. மாறி 5 ஆகும்போது அதன் மதிப்பு 26இல் ஒரு பங்கு. நம் சார்போ பத்தாயிரம் கோடியில் ஒன்றரைப் பங்குகூட இல்லை! நம் சார்புகள் இரண்டைப் பெருக்கினாலும் அதே குடும்பம், ஃபூரியர் மாற்றம் (சார்பை அலைகளாகப் பிரிக்கும் கணக்கு) செய்தாலும் அதே குடும்பம். கோஷிக்கு இவ்விரண்டும் வாய்க்கவில்லை. இப்படிப்பட்ட ஒன்றைப் பொதுப்பெயரில் கரைத்துவிட எனக்கு மனம் வரவில்லை.

எனவே 'கவுஸ் மணிச்சார்பு'. வரைபடத்துக்குக் 'கவுஸ் மணிவளைவு', மணி போன்ற மற்ற வளைவுகளுக்கு 'மணிவடிவ' என்ற அடைமொழி. 'காஸ்' என்றால் சமையல் சிலிண்டர் நினைவுக்கு வருகிறது, 'காசு' பணமாகிவிடுகிறது, 'காசியன்' காசிக்காரர் ஆகிறார். ஜெர்மானிய ஒலிப்புக்கும் 'கவுஸ்' நெருக்கம்.

கணிதர் டி மோவர் 1733லேயே இதைக் கண்டாரே, 1809இல் எழுதிய கவுசுக்கு ஏன் பெயர் என்று ஐயா கேட்பார்கள். நியாயம்தான். ஆனால் பிள்ளைகள் நாளை எந்த மொழி நூலைத் திறந்தாலும் கவுஸ் பெயர்தான் எதிர்ப்படும். அந்தப் பாலத்தை நாம் உடைக்க வேண்டாம்.

வரும் ஞாயிறு வகுப்பில் 'கவுஸ் மணியின் அகலம்' என்று சொல்லிப் பார்க்கப்போகிறேன். பிள்ளைகள் நாவில் ஒட்டுகிறதா என்று எழுதுகிறேன்.